எழுதிப் பார்த்தால்தான் கதை தெரியும்

கதை எழுத ஆசைப்படுகிற பலரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: “கதை இன்னும் மனசுல முழுசா வரல. வந்ததும் உட்கார்ந்து எழுதிடுவேன்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என்ன எழுதப் போகிறோம் என்று தெரியாமல் எப்படி எழுதுவது? அதனால் காத்திருக்கிறார்கள். தலைக்குள்ளேயே ஆரம்பத்தை மாற்றுகிறார்கள், முடிவை மாற்றுகிறார்கள், பாத்திரங்களுக்குப் பெயர் வைத்துப் பார்க்கிறார்கள். காகிதத்தில் மட்டும் ஒன்றும் ஏறுவதில்லை.

இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கதை முதலில் தலைக்குள் முழுதாக உருவாகிவிடும், பிறகு கை அதை இறக்கி வைக்கும், எழுதுவது ஏறக்குறைய நகலெடுக்கும் வேலை என்ற நம்பிக்கை. சிலருக்குச் சில கதைகள் அப்படி வருவதும் உண்டு. ஆனால் எழுத்தாளர்களின் கடிதங்களையும் நோட்டுப் புத்தகங்களையும் அடித்துத் திருத்திய வரைவுகளையும் பார்த்தால் பெரும்பாலும் வேறு மாதிரிதான் இருக்கிறது. தன் கதை எதைப் பற்றியது என்பதே பலருக்கு எழுதும்போதுதான் தெரியவந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? இதில் மாயமந்திரம் ஏதாவது இருக்கிறதா? இல்லை என்பது என் கருத்து. நன்றாகவே விளக்கக்கூடிய ஒரு வேலைமுறைதான் இது. முதலில் இரண்டு உதாரணங்களைப் பார்த்துவிடுவோம்.

எழுதியவரே எதிர்பாராத திருப்பம்

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ 1875 முதல் 1877 வரை பத்திரிகையில் தொடராக வந்த நாவல். அதில் பிரசவத்துக்குப் பிறகு அன்னா சாகக் கிடக்கும் இடம் ஒன்று வரும். அவள் கணவர் கரேனின் அவளையும் மன்னிக்கிறார், அவள் காதலன் விரான்ஸ்கியையும் மன்னிக்கிறார். அந்தப் பெருந்தன்மையை விரான்ஸ்கியால் தாங்க முடியவில்லை. தன் இருப்பிடத்துக்குத் திரும்பிப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறான், பிழைத்தும் விடுகிறான். படிக்கிற நமக்கு இது ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டு வைத்த காட்சி போலத் தோன்றும். ஆனால் 1876-இல் தன் நண்பரும் விமர்சகருமான ஸ்திராகவுக்கு டால்ஸ்டாய் எழுதிய கடிதம் வேறு கதை சொல்கிறது. கணவரைச் சந்தித்த பிறகு விரான்ஸ்கியின் நிலை என்ன என்ற அத்தியாயத்தை அவர் முன்பே எழுதி முடித்திருந்தார். அதைத் திருத்த உட்கார்ந்தபோது, தான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக விரான்ஸ்கி சுட்டுக்கொண்டான் என்கிறார். அடுத்து வரவிருந்த பகுதிகளுக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. இந்தத் திருப்பம் முதல் வேகத்தில் வரவில்லை, திருத்தும்போது வந்தது. கண்டுபிடிப்பெல்லாம் முதல் வரைவில், திருத்தம் என்பது வெறும் பிழைநீக்கம் என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உதாரணம் ஒரு சிறுகதை. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர் எழுதி 1955-இல் வந்த ‘குட் கன்ட்ரி பீப்பிள்’. மரக்கால் வைத்த, முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண். பைபிள் விற்க வரும் ஓர் இளைஞன். அவளுடன் பழகி, கடைசியில் அந்த மரக்காலையே திருடிக்கொண்டு அவன் போய்விடுகிறான். அந்தக் கதையை எழுத ஆரம்பித்தபோது தன்னிடம் இருந்தது இரண்டு பெண்கள் மட்டுமே என்று ஓ’கானர் பின்னாளில் ஓர் உரையில் சொன்னார். எழுதிக்கொண்டு போகையில் அதில் ஒருத்திக்கு மரக்கால் வைத்த மகள் வந்து சேர்ந்தாள். அப்புறம் பைபிள் விற்பவன் வந்தான். அவனை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. காலை அவன் திருடப் போகிறான் என்பது அந்தச் செயலுக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு முன்னால்தான் தெரிந்ததாம். தெரிந்ததும், வேறு எதுவும் நடந்திருக்க முடியாது என்றும் புரிந்துவிட்டது.

‘எதிர்பார்க்கவே இல்லை’, ‘ஆனால் வேறு மாதிரி நடந்திருக்கவும் முடியாது’ என்ற இந்த இரண்டு உணர்வும் சேர்ந்து வருவதுதான் கதையைக் கண்டுபிடித்ததற்கு அடையாளம். முதலாவது மட்டும் வந்தால் அது வலிந்து திணித்த திருப்பம். இரண்டாவது மட்டும் வந்தால் வாசகர் நமக்கு முன்பே முடிவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

பொறி சின்னதாக இருக்கலாம்

தொடங்குவதற்கு எவ்வளவு வேண்டும்? மிகக் கொஞ்சம். ஆங்கில எழுத்தாளரும் பேராசிரியருமான டோல்கியன், மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் ஒரு பக்கம் வெற்றாக இருந்தது. அதில் அவர் ஒரு வரி எழுதினார்: தரையில் ஒரு வளை, அதில் ஒரு ஹாபிட் வாழ்ந்துவந்தது என்று. ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போனதுதான் 1937-இல் வெளியான ‘தி ஹாபிட்’. வில்லியம் ஃபாக்னருக்கு 1929-இல் வந்த ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ ஒரு காட்சியிலிருந்து தொடங்கியது. ஒரு சிறுமி மரத்தில் ஏறி ஜன்னல் வழியாகப் பாட்டியின் இறுதிச் சடங்கை எட்டிப் பார்க்கிறாள். கீழே நிற்கும் சகோதரர்களுக்கு அவளுடைய சேறு படிந்த உள்ளாடை தெரிகிறது. அவ்வளவுதான். அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள ஒரு சகோதரனின் குரலில் சொல்லிப் பார்த்தார், போதவில்லை. இன்னொருவன், மூன்றாமவன் என்று போய், கடைசியில் தானே சொல்லிப் பார்த்தார். நாவலின் நான்கு பகுதிகளும் இப்படித் தேடிய தேடலின் தடங்கள்தான்.

ஹென்றி ஜேம்ஸின் அனுபவம் இன்னும் சுவையானது. ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி ஒரு செய்தியைச் சொல்ல ஆரம்பித்தார். கணவர் இறந்த பிறகு, வீட்டிலுள்ள விலையுயர்ந்த மரச்சாமான்களுக்காக ஒரு தாயும் அவளுடைய ஒரே மகனும் சண்டையிடுகிறார்களாம். முதல் சில சொற்களிலேயே ஜேம்ஸுக்குக் கதை கிடைத்துவிட்டது. அந்தப் பெண்மணி நிறுத்தவில்லை, நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனார். நிஜ வாழ்க்கை ஒரு நல்ல கருவைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் ஜேம்ஸுக்கு அப்போது தோன்றியது. அந்தக் கருவிலிருந்து 1897-இல் வந்தது ‘தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாய்ன்டன்’. நிஜச் சம்பவத்தை வைத்து எழுதுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். நடந்தது முழுக்கத் தெரிந்திருந்தால் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

நல்ல பொறிகள் எல்லாவற்றிலும் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது. இது என்ன? இவள் ஏன் மரத்தில் ஏறினாள்? இந்தச் சண்டை உண்மையில் சாமான்களுக்காகத்தானா? இதற்கு மாறாக, ‘பேராசை அழிவைத் தரும் என்று ஒரு கதை எழுத வேண்டும்’ என்று தொடங்கினால் கையில் இருப்பது விடை. பாத்திரங்கள் அந்த விடையை நிரூபிக்க வந்த சாட்சிகள் ஆகிவிடுவார்கள், சாட்சிகளுக்கு வேறெதுவும் பேச அனுமதி கிடையாது. ஆரம்பநிலையில் எழுதப்படும் கதைகள் பல உயிரில்லாமல் கிடப்பதற்கு மொழித்திறமைக் குறைவைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சாவியை வைத்துப் பார்ப்போம்

பெரிய எழுத்தாளர்களின் உதாரணங்களை மட்டும் அடுக்கினால் இது அவர்களுக்கு மட்டும் நடக்கும் அற்புதம் போலத் தோன்றிவிடும். அதனால் ஒரு சிறு பொறியை எடுத்து எழுதிப் பார்க்கலாம்.

மாலதி என்று ஒரு பெண், நடுத்தர வயது. அவள் வளர்ந்த வீட்டை விற்று ஒரு வருடம் ஆகிறது. அந்த வீட்டின் சாவி ஒன்று இன்னும் அவள் கைப்பையில் கிடக்கிறது. கையில் இருப்பது இவ்வளவுதான்.

எழுதாமல் வெறுமனே யோசித்தால் முதலில் என்ன வரும்? பழைய வீட்டின் நினைவு அவளை வாட்டுகிறது, ஒருநாள் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள், உள்ளே பார்த்ததும் நினைவுகள் பொங்குகின்றன, கண்ணீரோடு திரும்புகிறாள். யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இதில் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் இதைத் தூக்கி எறியவும் வேண்டாம். சரி, இதையே எழுத ஆரம்பிப்போம்.

மாலதி அழைப்பு மணியை அழுத்துகிறாள். உடனே முதல் சிக்கல். கதவைத் திறப்பது யார்? யோசித்தபோது ‘புது வீட்டுக்காரர்’ என்று நினைத்தாலே போதுமாக இருந்தது. எழுதும்போது ஓர் ஆள் வந்து நிற்க வேண்டும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், காதில் போனோடு வருகிறான், ‘ஒரு நிமிஷம்’ என்று கையால் ஜாடை காட்டுகிறான். இப்போது தான் பிறந்து வளர்ந்த வீட்டு வாசலில் மாலதி காத்து நிற்கிறாள். அந்த நேரத்தில் அவள் எதையாவது பார்க்க வேண்டுமே? கதவைப் பார்க்கிறாள். பூட்டு இருந்த இடத்தில் புதிதாக ஒரு பூட்டு. சுற்றிலும் மரத்தில் பழைய பூட்டின் தடம், அதன்மேல் பொருந்தாத நிறத்தில் வார்னிஷ். அவள் கண்ணுக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினோம். வேறு நோக்கம் எதுவும் இல்லை.

அவன் போனை வைக்கிறான்.

“இந்தச் சாவி ஒண்ணு என்கிட்டயே தங்கிடுச்சு. கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“பரவாயில்லைங்க, இனி அது தேவைப்படாது. பூட்டை மாத்திட்டோம்.”

வாசலில் அந்தப் பூட்டை எழுதியதால்தான் இந்த வரி வந்தது. வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வருகிறது. ஏன் மாற்றினார்கள்? வீடு வாங்கினால் எல்லோரும் மாற்றுவதுதானே என்று விட்டுவிடலாம். விட்டால் அவன் கதவைச் சாத்துவான், கதை அங்கேயே உட்கார்ந்துவிடும். அவனை இன்னும் ஒரு வாக்கியம் பேச விட்டுப் பார்க்கலாம்.

“யாரோ வந்துட்டுப் போற மாதிரி இருந்துச்சு. பொருள் எதுவும் காணாமப் போகல. மாடி அறையில ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.”

இப்போது கதை வேறாகிவிட்டது. யார் வந்துபோனது? மாலதியே என்று வைக்கலாம். அதில் ஓர் அதிர்ச்சி இருக்கிறது. ஆனால் அதற்கு இவ்வளவு நேரமும் அவள் மனதுக்குள் இருந்துகொண்டே அதை வாசகரிடமிருந்து மறைத்திருக்க வேண்டும். அது ஏமாற்று வேலை, எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாரிடமாவது இன்னொரு சாவி இருக்க வேண்டும். மாடி அறை யாருடையது? ஒரு தம்பி இருக்கிறான். இந்த நிமிஷம் வரை இல்லாத தம்பி.

மாலதிக்கு உடனே புரிந்துவிடுகிறது. புரிந்ததும் என்ன சொல்கிறாள்? “அப்படியா?” என்கிறாள். அந்த ஒரு சொல்லில் அவள் அவனைக் காட்டிக்கொடுக்காமல் மறைக்கிறாள். ஏன் மறைக்க வேண்டும்? பாசம் மட்டும் காரணம் என்றால் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. ஒருவேளை வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று நின்றது அவளோ? தம்பிக்கு விருப்பமில்லாமல் கையெழுத்து வாங்கினாளோ? அப்படியானால் சாவியைத் திருப்பிக் கொடுக்க இத்தனை மாதம் கழித்து இன்றைக்கு அவள் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

வீட்டு ஏக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினோம். அக்காவுக்கும் தம்பிக்கும் இடையிலான ஒரு குற்றவுணர்வு கையில் கிடைத்திருக்கிறது. ‘உடன்பிறந்தவர்களின் உறவைப் பற்றி எழுதலாம்’ என்று யாரும் முடிவுசெய்யவில்லை. காத்திருக்கும்போது பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று வைத்த பூட்டு தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தது. இதே பொறியை வேறொருவர் எழுதியிருந்தால் கதவை ஒரு குழந்தை திறந்திருக்கலாம், கதை வேறு திசையில் போயிருக்கலாம். அதுவும் சரிதான்.

இதற்குப் பிறகு வருவது திருத்தும் வேலை. தம்பி நமக்குத் தெரிந்துவிட்டதால் முதல் பத்தியை மாற்றியாக வேண்டும். பேருந்தில் வரும்போது அவள் அவனுக்கு போன் செய்து, அவன் எடுக்கவில்லை என்று ஒரு வரி வரலாம். ஏக்கத்தை விவரித்த பத்திகளில் பாதி போய்விடும். வாசகர் படிக்கும்போது தம்பி முதலிலிருந்தே அந்தக் கதையில் இருந்தவன் போல இருப்பான். எழுதியவருக்கு மட்டும்தான் அவன் பாதியில் வந்தவன் என்று தெரியும். முடிந்த கதைகளைப் படித்து நாம் ஏமாந்துபோவது இதனால்தான். வந்த வழியெல்லாம் அழிக்கப்பட்ட பிறகே கதை நம் கைக்கு வருகிறது.

ஏன் இப்படி நடக்கிறது

மனதுக்குள் இருக்கும்போது ஒரு கதை மங்கலாகவே இருந்துகொள்ளலாம். ‘அவள் போகிறாள், பேசுகிறாள், திரும்புகிறாள்’ என்பது மனதுக்கு முழுக்கதை போலத் தெரியும். எழுத்து அந்தச் சலுகையைத் தராது. என்ன சொன்னாள், எந்தச் சொற்களில், அப்போது கை எங்கே இருந்தது என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லும் ஒவ்வொரு பதிலும் அடுத்து என்னென்ன நடக்கலாம் என்பதைக் குறுக்குகிறது. பூட்டு மாறிவிட்டது என்று எழுதிய பிறகு அந்தச் சாவியால் கதவைத் திறக்க முடியாது. இந்தக் குறுக்கல்தான் உதவி செய்கிறது. எதுவும் நடக்கலாம் என்ற நிலையில் யோசனை எங்கும் போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மட்டுமே நடக்க முடியும் என்றால் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எழுதியதை நாமே வாசகராகப் படிக்க முடியும். மனதில் ஓடும் வாக்கியம் வந்த வேகத்தில் போய்விடும். காகிதத்தில் நிற்கும் வாக்கியத்தை மறுநாள் படித்தால் நாம் நினைக்காத ஒன்று அதில் தெரியும். நாவல் கலையைப் பற்றி 1927-இல் எழுதிய நூலில் இ. எம். ஃபார்ஸ்டர், ஒரு கிழவி கேட்டதாக ஒரு கேள்வியைச் சொல்கிறார்: நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்காமல், நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனாலும் எழுதுகிறவர்களின் நிலைமை இதுவே. எழுதும் செயல்பாட்டை ஆராய்ந்த லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் இருவரும் 1981-இல் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். திட்டமிடுதல், எழுதுதல், திருத்துதல் ஆகியவை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. எழுதும்போதே திட்டம் மாறுகிறது, எழுதிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறவர் தன் நோக்கத்தையே மாற்றி அமைக்கிறார் என்றார்கள். அவர்கள் கவனித்தது பெரும்பாலும் கட்டுரை எழுதுபவர்களை. புனைவுக்கு இது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பேன்.

பாத்திரங்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லையா?

‘என் பாத்திரம் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது’ என்று எழுத்தாளர்கள் சொல்வதை அடிக்கடி கேட்டிருப்போம். கொஞ்சம் அலங்காரப் பேச்சு போலத் தோன்றினாலும் அந்த அனுபவம் பொய்யில்லை. உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் 50 புனைவெழுத்தாளர்களிடம் பேசி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 10-இல் 9 பேருக்கு மேல் இப்படி ஓர் அனுபவம் ஓரளவாவது உண்டு என்று சொன்னார்கள்.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. பாத்திரங்கள் கைமீறிப் போவதைப் பற்றி ‘லோலிதா’ எழுதிய விளாதிமிர் நபகோவிடம் கேட்டபோது, தன் பாத்திரங்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு தரப்பும் ஒன்றையே சொல்வதாகத்தான் படுகிறது. பாத்திரம் நம் மூளைக்கு வெளியே எங்கும் இல்லை. ஆனால் அவளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டால், அவள் எப்படிப்பட்டவள் என்ற உணர்வு நமக்குள் ஊறிவிடுகிறது. திட்டப்படி அவள் இப்போது மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுதினால் வாக்கியம் பொய்யாக ஒலிக்கிறது. ‘அவள் கேட்க மாட்டேன் என்கிறாள்’ என்று அதைச் சொல்கிறோம். நாற்பது பக்கம் முன்பு போட்ட திட்டத்தைவிட இப்போது நமக்கு அதிகம் தெரியும் என்பதே விஷயம். அந்த இடத்தில் திட்டத்தை விட்டுவிட்டு வாக்கியத்தை நம்புவது நல்லது.

திட்டமிட்டு எழுதுகிறவர்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, திட்டமே போடக் கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜான் இர்விங் என்ற அமெரிக்க நாவலாசிரியர் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டுதான் நாவலைத் தொடங்குவார். நபகோவ் அட்டைகளில் எழுதினார். நாவலின் முழு உருவமும் மனதில் தெளிவாக இருந்ததால் எந்தப் பகுதியை வேண்டுமானாலும் முதலில் எழுத அவரால் முடிந்தது. இவர்கள் கண்டுபிடிக்கவில்லையா? கண்டுபிடித்தார்கள், முன்கூட்டியே. திட்டத்தை எழுதுவதும் எழுதுவதுதான்.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலுக்கான குறிப்பேடுகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆரம்பக் குறிப்புகளில் கதாநாயகன் அகங்காரம் பிடித்தவன், மூர்க்கன். குறிப்புகளில் திட்டம் மாற்றித் திட்டம் போட்டு, எழுதியதை 1867-இன் கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1868-இல் தொடராக வர ஆரம்பித்த நாவலில் நாம் சந்திக்கும் இளவரசன் மிஷ்கினோ கள்ளங்கபடமே அறியாதவன். தேடல் நடந்த இடம் குறிப்பேடு, அவ்வளவுதான் வேறுபாடு. முதல் பகுதியை அச்சுக்கு அனுப்பும்போது மீதி நாவல் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெளிவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு தனி அவஸ்தை. பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தால் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய்த் திருத்த முடியாது, அது எப்போதோ வாசகர் கைக்குப் போய்விட்டது.

யாருக்கு எது ஒத்துவரும் என்று நாலைந்து கதை எழுதிப் பார்க்காமல் சொல்ல முடியாது. துப்பறியும் கதைக்குத் திட்டம் அதிகம் வேண்டும், சிறுகதைக்குக் குறைவு என்பது பொதுவாகச் சரியாக இருக்கும்.

தவறான கதையை எழுதி முடித்துவிட்டால்

சில சமயம் முழு வரைவையும் எழுதி முடித்த பிறகுதான் நாம் தேடிய கதை அதற்குள் வேறெங்கோ இருப்பது தெரியும். ஹார்ப்பர் லீ 1957-இல் ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்த நாவலில், வளர்ந்த பெண் ஒருத்தி தன் ஊருக்குத் திரும்பி வருகிறாள். அதன் இடையிடையே அவளது சிறுவயது நினைவுகள் வந்தன. எடிட்டர் டே ஹோஹாஃபுக்கு அந்தப் பகுதிகள் பிடித்துப்போயின. அந்தச் சிறுமியின் பார்வையிலேயே ஒரு நாவலை எழுதச் சொன்னார். அதுதான் 1960-இல் வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. முதலில் எழுதிய வரைவு 2015-இல் தனி நூலாக வெளிவந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு கதை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரிந்து வந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே கண்டுபிடிப்பில் எடிட்டருக்கும் பங்கு உண்டு. எழுதியவருக்குத் தெரியாதது நல்ல வாசகர் ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

பாதியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஸ்டீஃபன் கிங் 1978-இல் வெளியான ‘தி ஸ்டாண்ட்’ நாவலை எழுதும்போது சுமார் ஐந்நூறு பக்கத்துக்குப் பிறகு கை ஓடாமல் நின்றுவிட்டார். பாத்திரங்கள் ஏகப்பட்ட பேர், கதை நகரவில்லை. வாரக்கணக்கில் நடைப்பயிற்சி போய்க்கொண்டே யோசித்திருக்கிறார். ஒருநாள் விடை கிடைத்தது. ஒரு குண்டு வெடிக்கும், முக்கியமான சிலர் சாவார்கள். பாத்திரங்களின் கூட்டம் குறைந்தது மட்டுமில்லை. உலகமே அழிந்த பிறகும் மனிதர்கள் பழைய வழிக்கே திரும்புகிறார்கள் என்ற நாவலின் மையமும் அப்போதுதான் அவருக்குத் தெளிவானது. எழுதாமல் இருக்கும் நேரத்திலும் வேலை நடக்கிறது என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். சொல்லலாம். ஐந்நூறு பக்கம் எழுதியவருக்குத்தான் அந்த நடை உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடங்குகிறவர்களுக்கு

முதல் வரைவை யாருக்கும் காட்டப் போவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு எழுதுங்கள். வாக்கியம் அழகாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் நின்றால், பூட்டு மாதிரியான தற்செயல்கள் வந்துசேர இடம் இருக்காது. கதை நின்றுபோனால் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று கேட்பதைவிட, எழுதியதற்குள் திரும்பிப் போய் ‘நான் வைத்துவிட்டு மறந்த பொருள் எது, பேசவிடாமல் அனுப்பிய ஆள் யார்’ என்று தேடுவது பலன் தரும். பெரும்பாலும் விடை பின்னால்தான் இருக்கும். குரல் சரியில்லை என்று தோன்றினால் ஒரு காட்சியை மட்டும் வேறொருவர் சொல்வது போல எழுதிப் பாருங்கள். மாலதியின் கதையை அந்தப் புது வீட்டுக்காரன் சொன்னால்? அவனுக்கு வாசலில் நிற்கும் இந்தப் பெண்மீது ஒரு சந்தேகம் வரும், வராமல் இருக்காது.

அன்றாட எழுத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஹெமிங்வே சொன்ன வழி பலருக்கு உதவியிருக்கிறது. எல்லாம் வற்றும்வரை எழுதாமல், அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிட வேண்டும். மறுநாள் தொடங்குவது எளிதாகும்.

முடித்த பிறகு முதல் பக்கத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். கதை என்னவென்று தெரியாத நிலையில் எழுதியது அது. பல கதைகள் உண்மையில் இரண்டாவது அல்லது மூன்றாவது பக்கத்தில்தான் தொடங்குகின்றன, அதற்கு முன்னால் இருப்பது எழுதுகிறவர் வழி தேடிய நடை. வெட்டுங்கள். வெட்டியதை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள், அதற்குள் வேறொரு கதையின் பொறி கிடக்கலாம்.